பென்சிலில் எழுதிய 1850: மெஞ்ஞானபுரத்தின் பழைய படங்களும் வரைபடங்களும்

நீங்கள் கேட்டிருப்பவை மூன்று. பாட்டி வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடைத்த படம், அதாவது கூர்கோபுரத்தோடு மெஞ்ஞானபுரம் ஆலயமும் அதன் முன்னால் வரிசையாக நிற்கும் பெண்பிள்ளைகளும் உள்ள படம், பின்னால் எழுதியிருப்பதுபோல் 1850-ல் எடுத்ததுதானா? அந்தக் காலத்து ஊர் வரைபடம் எங்காவது கிடைக்குமா? ஆலயத்தின் முன்னால் கறுப்பாகக் கிடப்பது குளமா?

முதல் கேள்விக்குப் பதில், இல்லை. இரண்டாவதற்கு, கிடைக்கும், ஆனால் நீங்கள் மனதில் வைத்திருக்கும் வரைபடம் அல்ல. மூன்றாவதில் அந்த ஊரிலேயே வளர்ந்தவர்களும் ஏமாறுவார்கள், அதனால் வருந்த வேண்டாம். நான் நில அளவைத் துறையில் சங்கிலி இழுத்து வயதானவன். ஓய்வுக்குப் பிறகு நெல்லைச் சீமையின் மிஷன் ஊர்களுடைய பழைய தாள்களைப் பார்ப்பதே பொழுதாகிவிட்டது. எனவே பதில் நீளும்.

கோபுரத்திலிருந்து தொடங்குகிறேன். வேல்ஸ் நாட்டிலிருந்து வந்த ஜான் தாமஸ் ஐயர், சர்ச் மிஷனரி சங்கத்தின் ஊழியராக 1830-களின் பிற்பகுதியில் மெஞ்ஞானபுரத்துக்கு வந்து, 1870-ல் கண்மூடும்வரை அங்கேயே இருந்தவர். பனையும் மணலுமாகக் கிடந்த இடத்தில் கிணறு வெட்டி, மரம் வைத்து, பள்ளிக்கூடம் கட்டி, கடைசியில் 192 அடி உயரக் கோபுரத்தையும் நிறுத்திவிட்டுப் போனார். ஆனால் ஆலயமும் கோபுரமும் ஒரே நேரத்தில் எழவில்லை. ஆலயம் பிரதிஷ்டையானது 1847-ல். கோபுரம் முழுமையானது 1860-களின் கடைசியில். இடையில் இருபது ஆண்டு அந்த ஆலயம் நின்றது, நீங்கள் பார்க்கும் உருவம் இல்லாமல். உங்கள் படத்தில் கோபுரம் நுனிவரை முடிந்து நிற்கிறது. எனவே 1850 என்பது அந்த இடத்திலேயே விழுந்துவிட்டது.

இது ஒரு நல்ல பழக்கம். மிஷன் ஊர்ப் படம் ஒன்று கைக்கு வந்தால், தேதியை அட்டையில் தேடாமல் கட்டடத்தில் தேடுங்கள். இடையன்குடியில் கால்டுவெல் கட்டிய ஆலயத்துக்கு 1847-ல் அடிக்கல் நாட்டி, 1880-ல்தான் பிரதிஷ்டை செய்தார்கள். முப்பத்துமூன்று ஆண்டு. அந்த ஆலயம் முழுதாகத் தெரியும் எந்தப் படத்தையும் 1880-க்கு முன்னால் வைக்க முடியாது. பாளையங்கோட்டை ஊசிக்கோபுரத்துக் கோயிலும் அப்படியே: ஜெர்மன் மிஷனரி இரேனியஸ் ஐயர் காலத்தில் 1826-ல் பிரதிஷ்டையான கட்டடம், ஊசிபோல் நிற்கும் கோபுரத்தைப் பின்னால்தான் பெற்றது. ஊர்க்காரர்களுக்குக் கோபுரமும் கோயிலும் ஒன்றாகவே பிறந்தவை என்ற நினைப்பு. படத்தைத் தேதியிட வருகிறவர்களும் அதே குழியில் விழுகிறார்கள்.

அடுத்தது அட்டை. நீங்கள் அளவுகோல் வைத்து ஸ்கேன் செய்து அனுப்பியது பெரிய உதவி. படம் ஒட்டியிருக்கும் தடித்த அட்டை 4¼ அங்குலத்துக்கு 6½ அங்குலம். இது கேபினட் அட்டை என்று புகைப்படக்காரர்கள் வைத்திருந்த அளவு; 1866 வாக்கில் இங்கிலாந்தில் புழக்கத்துக்கு வந்து அந்த நூற்றாண்டின் முடிவுவரை ஓடியது. அதற்கு முந்தியது விசிட்டிங் கார்டு அளவில் இருந்த சிறிய அட்டை. பிறகு, படத்தின் இருண்ட பகுதிகளில், குறிப்பாக ஓரங்களில், சாய்த்துப் பார்த்தால் கண்ணாடிபோல் ஒரு நீலப் பளபளப்பு தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது அழுக்கு அல்ல, துடைத்துவிடாதீர்கள். ஜெலட்டின் பூசிய தாளில் உள்ள வெள்ளி காலப்போக்கில் மேலே வந்து படிவது அது. முட்டை வெண்கருவால் செய்த ஆல்புமின் தாள் பெரும்பாலும் இப்படி மினுங்காது. மஞ்சளாகி, தேநீர்க் கறை நிறத்துக்கு வரும். ஜெலட்டின் தாள் பரவலானது 1880-களின் பிற்பகுதியிலும் 90-களிலும். கோபுரம், அட்டை, பளபளப்பு மூன்றையும் சேர்த்தால் உங்கள் படம் 1890-க்கும் 1910-க்கும் இடையில் எங்கோ உட்காருகிறது.

அப்படியானால் 1850 எங்கிருந்து வந்தது? பின்புறத்தை இன்னொருமுறை பாருங்கள். 'மெஞ்ஞானபுரம் ஆலயமும் பிள்ளைகளும் 1850' என்று பென்சிலில் இருக்கிறது. 'பிள்ளைகளும்' என்ற சொல்லில் 'ளை' எப்படி எழுதியிருக்கிறது? தும்பிக்கை வளைத்த பழைய வடிவம். 1978-ல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவருவதற்கு முன் எழுதப் பழகிய கை அது. எழுத்தோ பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் உருண்டை எழுத்து அல்ல, நடுங்கும் எழுத்து. என் ஊகம் இது: வயதான ஒருவர், ஆலயம் கட்டிய காலம் என்று காதில் விழுந்ததைப் படம் எடுத்த காலமாக எழுதி வைத்திருக்கிறார். ஏறத்தாழ 1850-ல் கட்டியது என்பது தவறும் அல்ல. தேதி சரிதான், அது சேர வேண்டிய பொருள்தான் மாறிவிட்டது. குடும்பங்களிடம் உள்ள படங்களில் இந்தவகைத் தேதியை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

இனி அந்தக் குளம். ஆலயத்தின் முன்னால், பிள்ளைகளின் காலடிக்கும் கேமராவுக்கும் நடுவே, கறுப்பாக ஒரு பரப்பு. நீங்கள் நீர் என்கிறீர்கள். நான் செம்மண் என்கிறேன். மெஞ்ஞானபுரத்துக்கும் திருச்செந்தூருக்கும் இடையே குதிரைமொழித் தேரி கிடக்கிறது. தேரி என்றால் நெல்லைச் சீமைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்கு: காற்றடித்துக் குவித்த சிவப்பு மணல் மேடு. அந்தக் காலத்துக் கண்ணாடித் தகடுகள் நீல ஒளியை மட்டுமே நன்றாக உணர்ந்தன. சிவப்பும் மஞ்சளும் அவற்றுக்கு இருட்டு. எனவே நீல வானம் வெள்ளைத் தாள்போல் வெறுமையாக விழுந்திருக்கும், செம்மணல் தார் ஊற்றியதுபோல் கறுத்திருக்கும். எல்லா நிறத்தையும் ஓரளவு சரியாகப் பிடிக்கும் தகடு கடைக்கு வந்தது 1906-ல்தான். நம்மவர் முகங்கள் பழைய படங்களில் உண்மையைவிடக் கறுப்பாக இருப்பதற்கும் பாதிக் காரணம் இதுதான். மஞ்சள் பூசிக் குளித்த பெண்ணின் முகத்தை அந்தத் தகடு கரி பூசியதாகவே காட்டும். அந்தப் படங்களைப் பார்த்து இங்கிலாந்தில் உட்கார்ந்து நம் நிறத்தைப் பற்றி எழுதியவர்களுக்கு இது எவ்வளவு தெரியும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

நீர் என்றால் அதில் கோபுரத்தின் நிழலுரு ஒரு கோடாவது தலைகீழாக விழுந்திருக்க வேண்டும். உங்கள் படத்தில் இல்லை. இடது ஓரத்தில், கட்டைச் சுவரும் அதன்மேல் குறுக்குக் கட்டையுமாகத் தெரிவது கிணறு. அதை மறந்துவிடாதீர்கள், வரைபடத்துக்கு வரும்போது தேவைப்படும்.

பிள்ளைகளைப் பார்ப்போம். பெரிதாக்கி எண்ணினால் இருபத்திரண்டு பேர். இரண்டாம் வரிசையில் வலப்புறம் ஒருத்திக்கு முகமே இல்லை, பஞ்சுபோல் ஒரு மங்கல்தான் இருக்கிறது. கேமராவின் மூடி திறந்திருந்த ஒன்றிரண்டு விநாடிக்குள் அவள் தலையைத் திருப்பிவிட்டாள். பின்னால் பனைகளின் தலையும் அப்படிக் கலைந்திருக்கிறது. உடலைக் கல்லாக நிறுத்தியும் பனையை நிறுத்த முடியவில்லை. ஆனி, ஆடிக் காற்றாக இருக்கலாம். எல்லாரும் வெள்ளைக் குப்பாயம், அதாவது மேல்சட்டை, போட்டிருக்கிறார்கள். இந்தக் குப்பாயம் வெறும் சீருடை அல்ல. எல்லைக்கு அந்தப்புறம் திருவிதாங்கூரில் தோளை மூடும் உரிமைக்காகக் கலகம் நடந்து, 1859 ஜூலையில் மன்னரின் பிரகடனம் வரவேண்டியிருந்தது. நெல்லைப் பகுதி ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்ததால் சட்டம் வேறு; ஆனால் பனையேறும் குடும்பத்துப் பெண் சட்டை போட்டு நேராக நின்று படத்துக்குப் பார்ப்பது அன்றைக்கு ஒரு செய்தி. படம் எடுத்தவர் அதைக் காட்டவே எடுத்தார், இங்கிலாந்தில் காணிக்கை கொடுப்பவர்களுக்கு.

மிஷன் படங்களின் குணமே இது. முன்னும் பின்னும் காட்டுவார்கள்: ஓலைக் குடிசை ஒரு படம், ஓட்டுக் கட்டடம் ஒரு படம். 1876 முதல் 78 வரை தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தை அரித்தபோது, ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி எலும்பும் தோலுமானவர்களை வரிசையாக உட்காரவைத்துப் படமெடுத்தார். எடுத்தபின் அவர்களுக்கு என்ன செய்தார் என்ற கேள்வி அவருடைய காலத்திலேயே எழுந்தது. அவர் மிஷனரி அல்ல. ஆனால் இரக்கத்தைத் தூண்டும் படம் பணம் கொண்டுவரும் என்பதை அந்த ஆண்டுகள் எல்லாருக்கும் கற்றுக்கொடுத்தன. பஞ்சத்துக்குப் பிந்திய அனாதைப் பள்ளிப் படங்களைப் பார்க்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையிலேயே 1850-களில் எடுத்த படம் உண்டா என்று கேட்பீர்கள். தென்னாட்டில் ஒழுங்காகப் புகைப்படம் எடுக்கத் தொடங்கியது அந்தப் பத்தாண்டில்தான். சென்னைப் புகைப்படச் சங்கம் 1856-ல் அமைந்தது. மாகாண அரசின் புகைப்படக்காரராக லின்னேயஸ் டிரைப் 1858-ல் மதுரை, தஞ்சை, திருச்சி என்று மாட்டுவண்டியில் கருவிகளை ஏற்றிக்கொண்டு போனார். கண்ணாடிக்குப் பதில் மெழுகு தடவிய தாளையே நெகட்டிவாகப் பயன்படுத்தினார். காரணம் வெயில்தான். கொலோடியன் என்ற பிசுபிசுப்பான மருந்து பூசிய கண்ணாடித் தகட்டை, ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவிவிட வேண்டும். அதில் உள்ள ஈதர் நம் சித்திரை வெயிலில் எவ்வளவு நேரம் நிற்கும்? இருட்டுக் கூடாரம், மருந்துப் புட்டிகள், நல்ல தண்ணீர் எல்லாம் கூடவே வர வேண்டும். தேரி மணலில் அது லேசான காரியம் இல்லை. உலர்ந்த தகடு 1880-ஐ ஒட்டி விற்பனைக்கு வந்த பிறகே மிஷன் பங்களாக்களில் ஐயரோ அம்மாளோ தாங்களே கேமரா வைத்துக்கொள்ள முடிந்தது. எனவே 1880-க்கு முந்திய மிஷன் ஊர்க் காட்சிகள் பெரும்பாலும் மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்டவை. சர்ச் மிஷனரி சங்கத்தின் 'க்ளீனர்' பத்திரிகை 1841-லிருந்து வந்தது, பழைய இதழ்களில் தேடுங்கள். ஆனால் லண்டனில் உட்கார்ந்து செதுக்கியவருக்குப் பனைக்கும் ஈச்சைக்கும் வேறுபாடு தெரியாது. கட்டடத்தின் வடிவத்தை நம்பலாம், மரத்தை நம்ப வேண்டாம்.

இனி என் தொழில், வரைபடம்.

ஊரின் தெருவையும் கிணற்றையும் 1850-ல் காட்டும் படம் வேண்டும் என்றால் கிடைப்பது அரிது. அப்போது இருந்தது வேறு அளவு. ராணுவ அதிகாரி லாம்டன் 1802-ல் பரங்கிமலைக்கு அருகே அடிக்கோடு என்னும் ஆதார நேர்கோட்டை அளந்து தொடங்கிய முக்கோண அளவை, 1809 வாக்கில் திருநெல்வேலிச் சீமையை எட்டியது. அந்த அடிப்படையில் பின்னால் வந்த இந்திய அட்லஸ் தாள்களில் ஓர் அங்குலம் என்பது நான்கு மைல். அரை மைல் அகலமுள்ள ஊர் அதில் அரைக்கால் அங்குலம். பெயர் எழுதவே இடம் போதாது, தெருவுக்கு எங்கே போவது? ஆனாலும் அந்தத் தாளைத் தள்ளிவிடாதீர்கள். எந்த ஊர் எந்தச் சாலையில் இருந்தது, எது அப்போது இல்லவே இல்லை என்பது அதில்தான் தெரியும். தாளின் தேதியில் சந்தேகம் வந்தால் மூன்று அடையாளம்: திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே தாமிரபரணியில் சுலோசன முதலியார் பாலம் இருந்தால் 1843-க்குப் பின், தூத்துக்குடிக்கு ரயில்பாதை இருந்தால் 1876-ஐ ஒட்டி அல்லது அதற்குப் பின், திருச்செந்தூருக்கு ரயில் ஓடினால் 1923-க்குப் பின். பழைய அச்சுத் தட்டிலேயே புதுப் பாதையைச் சேர்த்து மறுபடி அச்சிடுவதும் உண்டு. ஆகவே இருப்பது தாளின் தேதி; ஊரின் தேதி அதைவிடப் பழையதாக இருக்கலாம்.

ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் சர்வே ஆஃப் இந்தியா இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போட்ட தாள்கள் அதற்கு அடுத்தவை. உங்கள் பகுதிக்கு 58 எச், 58 எல் என்ற இரண்டு எண்களின் கீழும் பாருங்கள்; ஊர் இரண்டின் விளிம்பில் வருகிறது. தேரியின் விளிம்பு, ஓடை, கிணறு, கோபுரமுள்ள ஆலயம் எல்லாம் தனித்தனிக் குறியோடு இருக்கும்.

ஆனால் நான் உங்களுக்குச் சொல்லும் வரைபடம் இவை எதுவும் அல்ல. கிராம வரைபடம். சென்னை மாகாணத்தில் 1858-ல் நில அளவைக்கென்று தனித் துறை வைத்து, வயல் வயலாக அளக்கத் தொடங்கினார்கள். திருநெல்வேலியில் 1870-களில் நிலவரித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அந்த வரைபடத்தின் அளவு ஒரு மைலுக்கு 16 அங்குலம். எங்கள் கணக்கில் ஓர் அங்குலத்துக்கு ஐந்து சங்கிலி. ஒரு சங்கிலி 66 அடி, நூறு கண்ணி. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். நூறடி நீளக் கட்டடம் அதில் கால் அங்குலத்துக்குச் சற்று மேல், அதாவது விரல் நகத்தில் பாதி. உங்கள் ஆலயம் அந்த அளவில் உருவத்தோடு நிற்கும். பொதுக் கிணறு ஒரு வட்டமாக இருக்கும். படத்தின் இடது ஓரத்தில் தெரியும் கிணற்றை வரைபடத்தில் கண்டுபிடித்தால், அதிலிருந்து ஆலயத்துக்குக் கோடு இழுத்து, கேமரா எங்கே நின்றது என்று பத்தடித் துல்லியத்தில் சொல்லிவிடலாம். நான் வேறோர் ஊருக்கு இப்படிச் செய்து பார்த்திருக்கிறேன். போய் நின்றால் அங்கே செல்போன் கடை.

இந்த வரைபடத்தை ஒருவரும் அழகுக்காக வரையவில்லை. வரிக்காக வரைந்தார்கள். அதனால்தான் நம்புகிறேன். காணிக்கை திரட்ட வரைந்தவருக்கு ஊரை அழகாகக் காட்ட ஆசை இருக்கும். தீர்வை வாங்க வந்தவருக்குப் புன்செய் எவ்வளவு, கிணறு யாருடையது, பனை எத்தனை என்பதே கவலை. சர்வே பிள்ளைக்கு மோட்சமும் தெரியாது, நரகமும் தெரியாது, எல்லைக்கல் தெரியும்.

வரைபடத்தோடு கட்டாயம் பார்க்க வேண்டியது அதே காலத்து நிலவரித் திட்டப் பதிவேடு, கிராம நிலங்களைப் பட்டியலிடும் இன்றைய 'அ' பதிவேட்டின் பாட்டன். மிஷன் ஊர்களில் ஒரு விசித்திரம் உண்டு. சாதாரணக் கிராமத்தில் வீடுகள் இருக்கும் இடம் நத்தம் என்று இருக்கும். மிஷன் ஊரில் வீட்டுமனைகளே பட்டா நிலத்தில் இருப்பதையும், பட்டா மிஷனின் பெயரில் இருப்பதையும் பார்க்கலாம். காரணம் வரலாற்றில் இருக்கிறது. புதிதாகக் கிறிஸ்தவர்களானவர்களை நிலக்காரர்கள் மனையைவிட்டு விரட்டியபோது, அவர்களைக் குடியேற்ற நிலம் வாங்குவதற்கென்றே இரேனியஸ் 1830-ல் தர்ம சங்கத்தைத் தொடங்கினார். அதற்கும் முந்தியது முதலூர், 1799-ல் அப்படி எழுந்த முதல் ஊர்; பெயரே அதைச் சொல்கிறது. விலைக்கு வாங்கிய மனையில் ஊர் கட்டும்போது கயிறு பிடித்து நேர்த்தெரு போட முடிகிறது. இடையன்குடியில் கால்டுவெல் அப்படித்தான் தெருக்களை நேராக்கினார். கிராம வரைபடத்தில் பக்கத்து ஊர்களின் சந்துகள் வேர்போல் வளைந்து கிடக்க, மிஷன் ஊர் மட்டும் சதுரங்கக் கட்டம்போல் தெரியும்; பெயரைப் படிக்காமலே அடையாளம் சொல்லலாம்.

ஒரு எச்சரிக்கை. ஜமீன் கிராமமாக இருந்தால் இந்தப் பழைய அளவை கிடைக்காமல் போகலாம். பல ஜமீன் கிராமங்களைச் சங்கிலி வைத்து அளந்ததே 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்த பிறகுதான். தேடும் முன் உங்கள் நிலம் எந்த வருவாய்க் கிராமத்தில் வருகிறது என்று பாருங்கள். மிஷன் வைத்த பெயர் வேறு, வருவாய்த் துறை வைத்திருக்கும் பெயர் வேறாக இருக்கும். தோனாவூர் என்பது 1827-ல் இரேனியஸுக்குப் பணம் அனுப்பிய டோனா பிரபுவின் பெயர்; அதற்கு முன் அது புலியூர்க்குறிச்சி. சாயர்புரம் சாயர் என்ற வணிகரின் பெயர். ஊருக்குப் பெயர் மாறினாலும் கணக்கப்பிள்ளை பழைய பெயரையே எழுதிக்கொண்டிருப்பார்.

மிஷன் வெளியிட்ட வரைபடங்களும் உண்டு, அட்லஸ் வடிவில் வந்தவை. பார்க்க அழகாக இருக்கும். ஊர்ப் பெயர்களுக்கு அடிக்கோடு, சங்கத்துக்குச் சங்கம் வேறு குறி. அவை நிலத்தின் படம் அல்ல, சபையின் படம். ஆயிரம் ஆண்டுக் கோயிலுள்ள ஊர் ஒரு புள்ளியாக இருக்கும், இருபது குடும்பம் ஞானஸ்நானம் பெற்ற ஊர் தடித்த எழுத்தில் இருக்கும். அதைக் குறையாகச் சொல்லவில்லை, அவர்கள் எதை எண்ணினார்களோ அதை வரைந்தார்கள். வருவாய்த் துறையின் வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் போதும். தேடும்போது ஆங்கில எழுத்துக்கூட்டலை அந்தக் காலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்: பாளையங்கோட்டை 'பாளம்கோட்டா', திருநெல்வேலி 'தின்னவெல்லி', இடையன்குடி 'எடெயன்கூடி'. இன்றைய எழுத்துக்கூட்டலைக் கணினியில் தட்டிவிட்டு ஒன்றுமில்லை என்று திரும்பியவர்கள் ஏராளம்.

எங்கே போவது? இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். மெஞ்ஞானபுரமும் நாசரேத்தும் அடுத்தடுத்த ஊர்கள், கொண்டு கொடுத்த ஊர்கள். ஆனால் மெஞ்ஞானபுரம் சி.எம்.எஸ்., அதாவது சர்ச் மிஷனரி சங்கம்; நாசரேத் எஸ்.பி.ஜி. என்ற இன்னோர் ஆங்கிலேய மிஷன் சங்கம். எனவே உங்கள் ஊரின் கடிதங்களும் அறிக்கைகளும் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. நாசரேத்தின் தாள்கள் ஆக்ஸ்போர்டில் போட்லியன் நூலகத்தில். முதலூர், சாயர்புரம், இடையன்குடி எல்லாம் ஆக்ஸ்போர்டுப் பக்கம். பாளையங்கோட்டை, தோனாவூர், சுரண்டை, பண்ணைவிளை பர்மிங்காம் பக்கம். நாகர்கோவில் லண்டன் மிஷன் என்பதால் லண்டனில். கத்தோலிக்க ஊர் என்றால் கொடைக்கானலுக்கு அருகே செண்பகனூரில் இயேசு சபையின் ஆவணக்காப்பகம் இருக்கிறது. தெற்குக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் பல சங்கங்களின் மிஷன் படங்களை இணையத்தில் சேர்த்துவைத்திருக்கிறது; செலவில்லாமல் முதலில் அதைப் பாருங்கள். கிராம வரைபடத்துக்குச் சீமைக்குப் போக வேண்டாம். சேப்பாக்கத்தில் மத்திய நில அளவை அலுவலகம், எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக்காப்பகம்.

ஓர் அலுவலகத்தில் நான் கேட்ட தாள் வந்தது. நூற்றிருபது ஆண்டு நான்காக மடித்தே வைத்திருந்தார்கள். மடிப்பு விழுந்த இடம் இற்றுத் துளையாகிவிட்டது. நான்கு மடிப்பும் கூடும் நடுப்புள்ளியில்தான் நான் தேடிய ஊர் இருந்திருக்க வேண்டும். சுற்றிலும் எல்லா வயலும் இருந்தது, ஊர் மட்டும் இல்லை. இதனால் கேட்கும்போதே இரண்டாவது பிரதி உண்டா என்றும் கேளுங்கள். மாவட்டத்தில் ஒன்று, சென்னையில் ஒன்று என்று வைப்பது அந்தக் கால வழக்கம்.

வரைபடமும் படமும் சேர்ந்தாலும் உங்களுக்கு ஒன்று கிடைக்காது: பெயர்கள். மிஷன் படங்களின் கீழே ஐயரின் பெயர் இருக்கும், அம்மாளின் பெயர் இருக்கும், நம்மவர்கள் 'உபதேசியாரும் குடும்பமும்', 'விடுதிப் பிள்ளைகள்' என்ற அளவில் நிற்பார்கள். விதிவிலக்கு குருப்பட்டம் பெற்றவர்கள். 1830-ல் பட்டம் பெற்ற ஜான் தேவசகாயம் ஐயரிலிருந்து தொடங்கி அவர்களின் பெயரும் ஊழிய ஊரும் ஆண்டறிக்கைகளில் தவறாமல் வரும். மற்றவர்களுக்கு ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள்தான். அவை சேகரத்து ஆலயத்திலேயே இருக்கும். சேகர குருவானவரிடம் நேரில் போய்க் கேளுங்கள், கடிதம் எழுதினால் பதில் வர நாளாகும். கூடவே ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளையையும் பிடித்துவைத்துக்கொள்ளுங்கள், அலமாரிச் சாவி எங்கே என்று அவருக்குத்தான் தெரியும். உங்கள் கொள்ளுப்பாட்டி அந்த விடுதியில் படித்தவர் என்று குடும்பத்தில் சொல்வது உண்மையானால், படம் 1890-க்கும் 1910-க்கும் இடையில் என்பதும் பொருந்தினால், 1875-லிருந்து 1902 வரையிலான ஞானஸ்நானப் பக்கங்களைப் பார்த்தால் போதும். பழைய கையெழுத்தில் தேதி ஆங்கிலத்திலும் பெயர் தமிழிலும் கலந்திருக்கும். தமிழ் எண்கள் வந்தால் மிரள வேண்டாம். 'நற்போதகம்' பத்திரிகையின் பழைய இதழ்கள் கிடைத்தால் பள்ளிப் பரிசளிப்பு விழாச் செய்திகளையும் விடாதீர்கள்.

படத்தை அட்டையிலிருந்து உரிக்காதீர்கள், பிளாஸ்டிக் உறையில் லேமினேட் செய்யவே செய்யாதீர்கள். 1200 புள்ளி அடர்த்தியில் முன்னும் பின்னும் ஸ்கேன் செய்து, கிணறு இருக்கும் இடது ஓரத்தை மட்டும் தனியாக எனக்கு அனுப்புங்கள். கிராம வரைபடத்தின் நகல் என்னிடம் இருக்கிறது, பொருத்திப் பார்த்துவிடுவோம். பின்பக்கத்து எழுத்தைத் தவறு என்று சொல்லிவிட்டேனே என்று ரப்பரை எடுத்துவிடாதீர்கள். அது யார் கையெழுத்து என்று வீட்டில் மூத்தவர்களிடம் இன்றைக்கே கேட்டு, அந்தப் பெயரைத் தனித் தாளில் எழுதி உறைக்குள் போட்டுவையுங்கள்.